படியோலையும் மூலவோலையும்

ஏடு அழிந்ததை எண்ணி இரங்குவது தமிழ்த்துறையின் பிறவிக்குணம். கறையானுக்கு இரையானவை, அடுப்பில் எரிந்தவை, ஆடிப் பதினெட்டில் ஆற்றுவெள்ளத்தில் விடப்பட்டவை என்று வகுப்பறையில் எத்தனையோ முறை கணக்குச் சொல்லிப் பெருமூச்செறிந்திருக்கிறோம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் நெய்யில் தோய்த்துத் தீக்கு இடப்பட்ட செய்தி கேட்டு உ.வே. சாமிநாதையர் மனம் வெதும்பியதை அறியாத தமிழ் மாணவர் இரார். நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதிவைத்த அரபுத் தமிழ்ச் சுவடிகளிலும் பேணுவாரின்றி மறைந்தவை பல. இத்தகைய இழப்புகளுக்காக வருந்தும் ஒரு துறையின் மலரில், தாள்களை அழியுங்கள், அதுவும் ஒருவராலும் ஒட்டிப் படிக்க இயலாதபடி அழியுங்கள் என்று எழுத முற்படுவது முரணாகத் தோன்றலாம். எந்தத் தாளைக் காப்பது, எந்தத் தாளை அழிப்பது என்னும் வேறுபாட்டை நாம் மறந்துவிட்டமையால் இதனை எழுத வேண்டியிருக்கிறது.

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் பயின்றோர்க்கு ஒரு வழக்கு நினைவிருக்கும். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரைத் தமக்கு அடிமை என்று கூறித் தடுக்கிறார் முதிய வேதியர் ஒருவர். சான்றாக ஓர் ஓலையையும் காட்டுகிறார். சினங்கொண்ட சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. கிழிக்கப்பட்டது படியோலையே, மூலவோலை தம்மிடம் உள்ளது என்று சொல்லி முதியவர் அதனை அவையில் நீட்டுகிறார். அப்போதும் அவையோர் உடனே நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைக்கின்றனர்.

பக்திச் சுவையை ஒருபால் வைத்துவிட்டு, இதனை ஆவண வழக்காக மட்டும் நோக்குவோமாயின், அவ்வவையினர் கொண்டிருந்த தெளிவு வியப்பூட்டும். மூலம் வேறு, படி வேறு என்று அவர்கள் அறிந்திருந்தனர். படி கிழிந்தமையால் உரிமை அழிந்துவிடாது என்றும் அறிந்திருந்தனர். மூலத்தையே காட்டினாலும் ஒப்புநோக்காமல் ஏற்றல் ஆகாது என்பதும் அவர்கள் நெறியாக இருந்தது. இன்று நிலைமை தலைகீழ். மூலம் நம் வீட்டுப் பெட்டிக்குள் உறங்குகிறது. ஊரெல்லாம் உலவுவது படி. ஒப்புநோக்குவார் அரியர். ஜெராக்ஸ் தாளின் அடியில் ஒரு கையொப்பம் இருந்தால் போதும், அலுவலகங்கள் பலவற்றில் அதுவே ஆளாகிவிடுகிறது. ஆளின் இடத்தில் தாள் நிற்கத் தொடங்கிய பிறகு, அத்தாள் யார் கையில் இருக்கிறதோ அவரே அந்த ஆள். அடையாளத் திருட்டு என்று இன்று பேசப்படுவதன் வேர் இதுவேயாகும்.

ஒரு மாணவர் கல்லூரியில் சேரும் நாள்தொட்டுக் கொடுக்கும் நகல்களைச் சற்றே பின்தொடர்ந்து பாருங்கள். சேர்க்கை விண்ணப்பத்தோடு ஒரு கட்டு, கல்வி உதவித்தொகைக்கு ஒரு கட்டு, விடுதிக்கு ஒன்று, வங்கிக் கணக்கிற்கு ஒன்று. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், இரண்டு நிழற்படங்கள் என எல்லாம் ஒரே குண்டூசியில் கோக்கப்பட்டிருக்கும். ஒருவருடைய பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், முகவரி, முகம், கையொப்பம், கணக்கு எண், செல்பேசி எண் ஆகிய அனைத்தையும் ஒருசேரத் திரட்ட வேண்டுமானால் ஒரு திருடன் மாதக்கணக்கில் அலைய வேண்டும். அவனுக்கு அந்த அலைச்சலை நாம் வைப்பதில்லை.

அக்கட்டு உருவாகும் இடமே முதற்கசிவு. நகலகத்தில் கோணலாக விழுந்த படிகளும் மங்கலாக வந்த படிகளும் கடையின் மூலையிலுள்ள அட்டைப்பெட்டிக்குள் போகின்றன. அச்செடுப்பதற்காகக் கடைக்காரரின் எண்ணுக்கு அனுப்பிய படங்கள் அவருடைய கணினியிலும் கைபேசியிலும் தங்கிவிடுகின்றன. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணினியின் முன் அன்றாடம் அமர்வோர் எத்தனை பேர் என்பதை அவராலும் சொல்ல இயலாது.

அடுத்தது எடைக்குப் போடும் வழக்கம். நம் ஊர்களில் தாள் என்பது குப்பையன்று, சரக்கு. அலுவலகத்தில் அலமாரி நிறைந்தால் மூட்டை கட்டிப் பழைய தாள் கடைக்கு அனுப்புகிறோம். கிலோ இவ்வளவு என்று காசு வாங்குகிறோம். அங்கிருந்து அது தேநீர்க் கடைக்கும் மளிகைக் கடைக்கும் பயணப்படுகிறது. அச்சிட்ட தாளில் தின்பண்டத்தைக் கட்டித் தருவது உடலுக்குக் கேடு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இலும் எச்சரித்தது. மையின் கேட்டைப் பற்றித்தான் அவ்வாணையம் பேசியது. வடையை மடித்துக் கொடுத்த தாளில் யாரோ ஒரு பெண்ணின் முகமும் முகவரியும் எண்ணெயில் ஊறிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் இதனை வாசிப்போருள்ளும் இருப்பர். வடையைத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்து எறிந்திருப்போம். அம்முகத்தைப் பற்றி நினைத்திருக்க மாட்டோம்.

இதனால் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்போர் உண்டு. முறையான கேள்விதான். ஆதார் எண்ணை அறிந்த மாத்திரத்தில் ஒருவருடைய கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட முடியாது. விரல்ரேகையோ செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ வேண்டும். இதனை அதிகாரிகள் பன்முறை விளக்கியுள்ளனர், அஃது உண்மையே. இன்றைய மோசடிகளிற் பெரும்பகுதி கைபேசி வழியாகவும் கணினித் தரவுக் கசிவு வழியாகவும் நடப்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் திருடன் எந்த ஒரு தாளையும் தனியே நம்பியிருப்பவன் அல்லன். நிழற்படம், கையொப்பம், எண், முகவரி ஆகியவை ஒன்றுகூடும்போதுதான் அவனுக்கு வழி பிறக்கிறது. சரிபார்க்கச் சோம்பும் ஒரு முகவர் வாய்த்தால் வேற்றார் பெயரில் சிம் அட்டை பிறக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு மேலும் பல கதவுகள் திறக்கின்றன. கூலி வேலை செய்வோரின் ஆதார், பான் அட்டைகளைக் கொண்டு அவர்கள் பெயரில் பொய் நிறுவனங்கள் தொடங்கப்பட்டு, அக்குடிசைகளுக்குக் கோடிக்கணக்கில் சரக்கு, சேவை வரிப் பாக்கி அறிவிப்பு வந்த செய்திகளைத் தமிழ்நாட்டு நாளிதழ்கள் பலமுறை வெளியிட்டுள்ளன. தாம் வாங்காத கடன் தம் பான் எண்ணின் மேல் ஏறியிருப்பதை 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பலர் கண்டு திடுக்கிட்டனர்.

இதில் பணம் போவது ஒரு பங்கு. 'அவன் நான் அல்லேன்' என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு இழந்தவன் தலையிலேயே விழுவதுதான் பெருங்கொடுமை. காவல் நிலையத்திற்கும் வங்கிக்கும் வரி அலுவலகத்திற்கும் அலைவதற்கு அன்றாடக் கூலியை இழக்க வேண்டும். வசதியுள்ளவன் வழக்கறிஞரை அனுப்புவான். வறியவன் தானே போய் வாசலில் நிற்பான். அடையாளத் திருட்டைப் பணக்காரர் நோய் என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

சட்டம் இல்லாமலில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறருடைய மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல், தனி அடையாளக்கூறு ஆகியவற்றை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. இப்பிரிவு 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தனிமறைவு மனிதனின் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வங்கிக் கணக்கிற்கும் செல்பேசி இணைப்பிற்கும் ஆதாரைக் கட்டாயமாக்குதல் கூடாது என்பது 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அச்சட்டத்தின் எல்லையைக் கூர்ந்து நோக்குக. கணினி வழியே பெற்ற தரவுக்கும், தாளில் பெற்றுப் பின்னர்க் கணினியில் ஏற்றிய தரவுக்குமே அது பொருந்தும். தாளாகவே வந்து தாளாகவே அலமாரியில் கிடந்து தாளாகவே எடைக்குப் போகின்ற நகல் அதன் பிடிக்குள் வரவில்லை. நம் நாட்டில் மிகுதியாகச் சிதறிக் கிடப்பதோ அத்தாள்தான்!

அரசும் இதில் தடுமாறியது உண்டு. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் வட்டார அலுவலகம், ஆதார் நகலை எந்த நிறுவனத்திற்கும் வாளாது கொடுத்துவிடாதீர், தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று ஓர் அறிவிப்பை விடுத்தது. கடைசி நான்கு இலக்கம் மட்டுமே தெரியும் மறைப்பு ஆதாரைத் தருமாறும் அது பரிந்துரைத்தது. நாடெங்கும் பரபரப்பு எழுந்தது. இதுகாறும் கொடுத்தவற்றை எங்கே போய்த் தேடுவது என்று மக்கள் கேட்டனர். இரண்டே நாளில், மே 29 அன்று, தவறாகப் பொருள்கொள்ளப்பட வாய்ப்புண்டு எனக் கூறி அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. இயல்பான முன்னெச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. அறிவிப்பைத் திரும்பப் பெற முடிந்தது. நகல்களை யாரால் திரும்பப் பெற முடியும்?

இனி அழிக்கும் முறைக்கு வருவோம். கையால் நான்காகக் கிழித்துக் கூடையில் போடுவதை அழித்தல் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, அங்கிருந்தோர் அவசரம் அவசரமாக இயந்திரத்திலிட்டு நாடா நாடாகக் கத்தரித்த தாள்களை ஈரானியர் பொறுமையாக ஒன்றோடொன்று பொருத்தி, நூல்களாகவே அச்சிட்டு வெளியிட்டனர். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை 1989இல் கையால் கிழித்துச் சாக்குகளில் அடைத்த தாள்களை ஒட்டவைக்கும் பணி 1995 முதல் நடந்தது. அச்சாக்குகள் ஏறத்தாழ 16,000. வல்லரசின் தூதரகம் கத்தரித்ததையே ஒட்ட முடிந்தது எனில், நாம் நான்காகக் கிழித்தது எம்மாத்திரம்? நீள நாடாவாக வெட்டும் பொறியைக் காட்டிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பொடித்துண்டாக வெட்டும் பொறியே தக்கது. ஜெர்மானியர் வகுத்த தரவரிசையில் பி-4 என்னும் நிலையில் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டாது. அஃதாவது நம் கட்டைவிரல் நகத்தளவு. வீட்டுத் தாள்களுக்கு அது போதும். ஆதார் நகலில் எண்ணை மட்டும் கிழித்துவிட்டு மூலையிலுள்ள கியூஆர் குறியை விட்டுவிடுவோர் உளர். பெயரும் முகவரியும் படமும் அக்குறிக்குள்ளேயே பொதிந்திருப்பதை அறிதல் வேண்டும்.

பொறி வாங்க இயலாதார் என் செய்வது? நம் பாட்டிமார் பழந்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, முறத்திற்கும் கூடைக்கும் பூசினர். அவர்கள் இடித்த கூழிலிருந்து ஒரெழுத்தையும் எவரும் மீட்டிருக்க முடியாது. ஒரு வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறவிட்டு மறுநாள் பிசைந்துவிட்டால் அதே பயன். எரிப்பதைக் காட்டிலும் இது நன்று. புகையும் இல்லை, பாதி எரிந்த தாள் காற்றில் பறப்பதும் இல்லை. ஆயிரக்கணக்கில் விலைகொடுத்துப் பொறி வாங்க வேண்டும் என்பதைச் சாக்காகச் சொல்வோர்க்கு இவ்வாளியே விடை.

ஆயினும் என் கட்சி வீட்டு வாளியோடு முடிவதன்று. நம் வீட்டில் நாம் அழிக்கும் தாள் நமக்குத் தீங்கு செய்யும் தாள்களில் ஒரு சிறு பங்கே. பெரும்பங்கு பிறருடைய அலமாரிகளில் இருக்கிறது. அவற்றை நாம் அழிக்க முடியாது. ஆகவே அடையாளத்தைக் காக்கும் கடமை தாளைக் கொடுத்தவனைவிட வாங்கி வைத்தவனுக்கே மிகுதி என்பது என் துணிபு. நம்மிடையே அமானிதம் என்றொரு சொல் வழங்குகிறது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் அது. ஒரு பவுன் நகையை ஒருவர் நம்மிடம் கொடுத்து வைத்தால் அதனை எடைக்குப் போட மாட்டோம். அவருடைய பெயரும் பிறப்பும் முகமும் கொண்ட தாளை மட்டும் கிலோக் கணக்கில் விற்கிறோம். இறைநாமம் எழுதிய தாள் காலிற் படலாகாது என்று எடுத்து உயரத்தில் வைக்கும் வழக்கமுடைய நமக்குத் தாளை மதிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த மதிப்பில் ஒரு சிறு பகுதியை மனிதரின் பெயருள்ள தாளுக்கும் நீட்டினால் போதும்.

இவ்வாறு வாங்கி வைத்திருப்போர் யாவர்? கல்லூரி அலுவலகங்கள் முதலிடம் பெறும். நம் கல்லூரியையும் சேர்த்தே சொல்கிறேன். சேர்க்கை கிடைக்காத மாணவர்களின் விண்ணப்பக் கட்டுகள் ஆண்டுதோறும் என்னவாகின்றன என்று நிருவாகத்தினர் ஒருமுறை கேட்டறிதல் தகும். உதவித்தொகைக்காகவும் திருமண உதவிக்காகவும் மனுக்களைப் பெறும் ஜமாஅத் அலுவலகங்கள் அடுத்தவை. வளைகுடா வேலைக்கும் உம்ரா பயணத்திற்கும் கடவுச்சீட்டு நகல்களைக் குவித்து வைத்திருக்கும் பயண முகவர்கள், வாடகைக்கு வீடு விடுவோர், தங்கும் விடுதி நடத்துவோர் என்று பட்டியல் நீளும். இவர்களுள் பெரும்பாலோர் தீயவர் அல்லர். கேட்பது வழக்கம், கேட்கிறார்கள். வைத்திருப்பது வழக்கம், வைத்திருக்கிறார்கள். மூலத்தைக் கண்ணால் பார்த்துச் சரி என்று பதிவேட்டில் ஒரு கோடு போட்டால் முடியும் வேலைக்குக்கூட மூன்று நகல் கேட்பது நம் அலுவலகங்களின் தீராத நோய். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் மூலத்தைப் பார்த்தனர், ஒப்புநோக்கினர், தீர்ப்புச் சொன்னார்கள்; மூன்று படி எடுத்துத் தரச் சொன்னதாகச் சேக்கிழார் பாடவில்லை!

அழிப்பதிலும் ஓர் அளவுண்டு. வீட்டைத் துப்புரவாக்கும் வேகத்தில் தாய்ப்பத்திரத்தையும் கடன் தீர்ந்த இரசீதையும் பிறப்பு, இறப்புச் சான்றுகளையும் கிழித்துவிட்டுப் பின் கையைப் பிசைவோரும் உளர். மூலம் எதுவாயினும் காக்க. பள்ளிவாசல்களின் பழைய நிகாஹ் பதிவேடுகள், முன்னோர் இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் எழுதிய கடிதங்கள், பழைய வணிகக் கணக்கேடுகள் ஆகியவை நாளைய ஆய்வாளனின் செல்வம். அவற்றை எரித்தால் கரிவலம்வந்தநல்லூர்ப் பழியே நம்மையும் சேரும். நான் அழிக்கச் சொல்வது நேற்று எடுத்து இன்று பயன் தீர்ந்த படியை மட்டும்.

நடைமுறையில் செய்யத்தக்கவை சில. நகல் கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில் அதன் குறுக்கே, இன்ன நிறுவனத்திற்கு, இன்ன தேவைக்கு மட்டும் என்று நாளிட்டு எழுதுக. முகத்தின் மேலும் அவ்வெழுத்து ஓடட்டும். எண் முழுதும் தேவையில்லாத இடத்தில் மறைப்பு ஆதாரையே கொடுக்க. நம் பெயரில் எத்தனை செல்பேசி இணைப்புகள் உள்ளன என்பதை மைய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நமதல்லாததைக் கண்டால் அங்கேயே முறையிடலாம். பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க. கல்லூரி, ஜமாஅத் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த நகலை எத்தனை மாதம் வைப்பது என்று ஒரு தீர்மானம் எழுதுங்கள், சில ஆயிரம் ரூபாயில் ஒரு பொறி வாங்குங்கள், சேர்க்கை முடிந்த மாதத்தில் பொறுப்பாளர் ஒருவர் உடனிருக்க அழித்து, அழித்த நாளைப் பதிவேட்டில் குறியுங்கள். பொடியான தாளையும் கூழாலைக்கு வாங்குவோர் உளர். விலை சற்றுக் குறையும், அவ்வளவே.

மாணவர்களிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. நாட்டுநலப்பணித் திட்டத்தின் சார்பில் முதியோர்க்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க நீங்கள் செல்கிறீர்கள், அது பெருந்தொண்டு. அவர்களுடைய அட்டைகளை உங்கள் கைபேசியில் படம் எடுத்துத்தான் பதிவேற்றுகிறீர்கள். பதிவேறியதும் அம்முதியவரின் கண்ணெதிரிலேயே படத்தை நீக்கிக் காட்டுங்கள். நீக்கிய படம் கைபேசியின் குப்பைக்கூடையில் பல நாள்கள் கிடக்கும், அங்கிருந்தும் நீக்குக.